மேலிருந்து ஒரே ஒரு க்ளிக் போதாது... காளானோட அடையாளம் அடியிலதான் இருக்கு!

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையில் மழைக்காலத்தில் ஒரு தடவையாவது பைக் ஓட்டியிருக்கீங்களா? நல்லதா நாலு மழை விழுந்து மண் ஊறிவிட்டால் போதும். நேற்றுவரை வெறும் தரையாக இருந்த இடத்தில், காலையில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் குடை விரிந்திருக்கும். கோமுகி அணைப் பக்கத்துப் புல்லில், கரும்புத் தோட்டத்து வரப்பில், மலையடிவாரக் கரையான் புற்றில், பட்டுப்போன மரக்கட்டையில் என எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். "இடி இடிச்சா காளான் முளைக்கும்"னு பெரியவங்க சொல்றது இந்த சீஸனைத்தான்.

உடனே போன் வெளியே வரும். மேலிருந்து ஒரு க்ளிக். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குரூப்பில், "இது என்ன காளான்? சாப்பிடலாமா?" பதில்களும் வரிசையாக வரும். "புற்றுக்காளான் மச்சி, செம டேஸ்ட்!", "நாய்க்குடைடா, தொடாத!", "ஆப்ல போட்டுப் பாரு ப்ரோ..."

விஷயம் என்னன்னா, அந்த ஒரு போட்டோவை வைத்து அந்தக் கேள்விக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்கக் காளானையே படித்தவர்களாலும் முடியாது. உச்சந்தலையை மட்டும் படம் எடுத்து ஆதார் கார்டில் ஒட்டினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? மேலிருந்து எடுத்த காளான் போட்டோவும் அப்படித்தான்.

ஒரு காளானுக்குப் பெயர் கண்டுபிடிக்கிற அளவுக்கு எப்படிப் படம் எடுப்பது, எப்படி வரைவது, எதையெல்லாம் குறித்து வைப்பது? இந்த மழைக்காலத்துக்கு ஒரு சின்ன கைடு இது. ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். இது பெயர் கண்டுபிடிக்கிற கைடு மட்டும்தான். இதைப் படித்துவிட்டுக் காட்டுக் காளானைப் பறித்துக் குழம்பு வைக்கக் கூடாது. ஏன் என்பதையும் பார்த்துவிடலாம்.

மூணு வெள்ளைக் குடை, மூணு கதை

முதல் குடை, எல்லோருக்கும் பிடித்த புற்றுக்காளான். கரையான்கள் புற்றுக்குள் விவசாயம் செய்கின்றன என்று சொன்னால் நம்புவீங்களா? சருகையும் மரத்துணுக்கையும் தின்று, அந்தக் கழிவைத் தேனடை மாதிரி அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதையே சாப்பிடுகின்றன. மழை வந்து மண் இளகியதும், அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டுகிற குடைதான் புற்றுக்காளான். இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942-ல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜே ஹெய்ம். மண்ணைத் துளைத்து வருவதால் இதன் தொப்பி நடுவில் பெரும்பாலும் ஒரு கூரான முனை இருக்கும். பல இனங்களில் தண்டு மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு, புற்றுக்குள் இருக்கிற அந்தப் பூஞ்சைத் தோட்டம் வரை போகும்.

இரண்டாவது குடை, புல்வெளியில் வருகிற குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, 'பச்சை வித்துக் குடை' என்று வைத்துக்கொள்ளுங்க. தட்டு அளவுக்குப் பெரிய வெள்ளைத் தொப்பி, மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். பார்க்க அவ்வளவு 'சாப்பாட்டுக் காளான்' மாதிரி இருக்கும். சாப்பிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. உலகின் பல நாடுகளில் அடிக்கடி ஆளைப் படுக்கவைக்கிற காளான் இது. தென்னிந்தியப் புல்வெளிகளிலும் இருக்கிறது.

மூன்றாவது, அமானிட்டா குடும்பம். இதில் சாப்பிடக்கூடிய இனங்களும் உண்டு, உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த காளானும் உண்டு. தொப்பியின் அடியில் வெள்ளை மடிப்புகள், பலவற்றில் தண்டில் ஒரு வளையம், தண்டின் அடியில் மண்ணுக்குள் பை அல்லது கிண்ணம் மாதிரி ஓர் உறை. முட்டையை உடைத்துக்கொண்டு குஞ்சு வருகிற மாதிரி, இந்தக் காளான் ஓர் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த ஓட்டின் மிச்சம்தான் அடியில் இருக்கிற கிண்ணம்.

இப்போது யோசிங்க. மேலிருந்து பார்த்தால் மூன்றும் வெள்ளைக் குடைதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது? தொப்பிக்கு அடியில், தண்டின் நடுவில், மண்ணுக்குள், வித்துப் பொடியின் நிறத்தில். உங்கள் போட்டோவில் வராத இடங்களில்தான் எல்லாமே இருக்கிறது.

'ஆப்' சொன்னா போதாதா?

2022 ஏப்ரலில் அசாமின் மேல்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளான் சாப்பிட்டு ஒரே வாரத்தில் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். காளானையே பார்க்காத நகரவாசிகள் இல்லை, காளான் பறித்துப் பழகியவர்கள்.

இந்த மாதிரி மரணங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அமாடாக்சின் என்ற நச்சு. இதில் பயங்கரமான விஷயம், சாப்பிட்ட உடனே எதுவும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் வாந்தியும் பேதியும் வரும். பிறகு கொஞ்சம் தெளிந்த மாதிரி ஆகும். "சரியாயிடுச்சு"னு நினைக்கிற அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். கொதிக்கவைத்தாலும், வெயிலில் காயவைத்தாலும் இந்த நச்சு போகாது.

"வெள்ளி ஸ்பூன் கறுத்தா விஷம்", "பூண்டு நிறம் மாறினா விஷம்", "பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான்", "புளி போட்டுக் கொதிக்கவெச்சா சரியாயிடும்" என்று சுற்றுகிற டெஸ்ட் எதுவும் செல்லாது. நத்தை ஆசையாகத் தின்கிற காளான் மனிதரைக் கொல்லலாம்.

அப்போ ஆப்? ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். விக்டோரியா மாநில நச்சுத் தகவல் மையத்துக்கு வந்த காளான் படங்களில், நிபுணர்கள் பெயர் சொன்ன 78 மாதிரிகளை எடுத்து மூன்று பிரபல ஆப்களிடம் கொடுத்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, முதலிடம் பிடித்த ஆப் சரியாகச் சொன்னது 49 சதவிகிதம். மற்ற இரண்டும் 35 சதவிகிதம். அதாவது, பெஸ்ட் ஆப்பே பூவா தலையா போட்டுப் பார்க்கிற அளவுதான். உயிர்க்கொல்லியான 'டெத் கேப்' அமானிட்டாவையே வேறு காளான் என்று சொன்ன சம்பவமும் அதில் உண்டு.

ஆப்பைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆப் பார்ப்பது நீங்கள் கொடுக்கிற படத்தை மட்டும்தான். நீங்கள் உச்சந்தலையைக் கொடுத்தால், அது உச்சந்தலையை வைத்து ஜோசியம் சொல்லும். நல்ல தகவல் கொடுத்தால் ஆப்பின் கணிப்பும் மேம்படும், அதைவிட முக்கியமாக, அந்தப் பக்கம் இருக்கிற மனித நிபுணருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஒரு காளானுக்கு ஆறு போட்டோ

இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்க.

1. இடம்: காளானோடு சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி ஒரு படம். எதிலிருந்து முளைக்கிறது? மண்ணா, சாணமா, வைக்கோலா, மரக்கட்டையா, புற்றா? பக்கத்தில் என்ன மரம்? பாதி அடையாளம் இதிலேயே கிடைக்கும்.

2. மேலே: தொப்பியின் மேற்புறம். செதில், கோடு, பிசுபிசுப்பு, நடு முனை எல்லாம் தெரியணும்.

3. பக்கவாட்டில்: காளானின் உயரத்துக்குக் குனிந்து ஒரு படம். தொப்பியின் வடிவமும், தண்டில் வளையம் இருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும்.

4. அடியில்: தொப்பியின் கீழ்ப்புறம். மீன் செவுள் மாதிரி மடிப்புகளா, சல்லடை மாதிரி துளைகளா? மடிப்புகள் தண்டைத் தொடுகின்றனவா, தொடாமல் விலகி நிற்கின்றனவா, தண்டின்மேல் வழிந்து இறங்குகின்றனவா? என்ன நிறம்?

5. மண்ணுக்குள்: இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காளானைப் பிடித்து இழுத்தால் அடிப்பகுதி மண்ணிலேயே நின்றுவிடும். ஒரு குச்சியாலோ பழைய கரண்டியாலோ சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, முழுசாக எடுங்க. கிண்ணம் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா, வேர் மாதிரி நீள்கிறதா? இந்த ஒரு படம் இல்லாமல் ஒரு வெள்ளைக் காளானை அமானிட்டா இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

6. வெட்டுத் தோற்றம்: தலை முதல் அடி வரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒரு படம். தண்டு கெட்டியா, உள்ளே பொந்தா? சதை காற்றுப் பட்டதும் நிறம் மாறுகிறதா? வெட்டியவுடன் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று என இரண்டு க்ளிக்.

கூட்டமாக முளைத்திருந்தால், மொட்டு, பாதி விரிந்தது, முழுசாக விரிந்தது என மூன்று வயதையும் பக்கத்தில் வைத்து எடுங்க. பச்சை வித்துக் குடையின் மடிப்புகள் இளசாக இருக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால்தான் பச்சை ஏறும். ஒரே வயதுக் காளான் ஒரே வயதுக் கதையைத்தான் சொல்லும்.

தொட்டால் விஷம் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கையால் எடுப்பதில் ஆபத்தில்லை. வாயில் மட்டும் வைக்காதீங்க, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிடுங்க.

போன் கேமராவுக்குச் சில ட்ரிக்ஸ்

டி.எஸ்.எல்.ஆர் எல்லாம் தேவையே இல்லை. கையில் இருக்கிற போனே போதும்.

போனைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் வைங்க. லென்ஸ் கீழே வந்துவிடும். சட்டை அழுக்காகாமல், எறும்பு கண்ணோட்டத்தில் பக்கவாட்டுப் படம் கிடைக்கும்.

ஃபிளாஷ் வேண்டாம். வெள்ளைக் காளான்மேல் ஃபிளாஷ் அடித்தால் எல்லா விவரமும் வெளுத்துப்போகும். நேரடி வெயிலும் அப்படித்தான். குடையோ, நண்பரின் நிழலோ போதும்.

போர்ட்ரெய்ட் மோடு, ஃபில்டர், பியூட்டி எல்லாவற்றையும் ஆஃப் பண்ணுங்க. பின்னணி மங்கலாகி அழகாகத்தான் இருக்கும், ஆனால் காளானின் விளிம்பையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். இன்ஸ்டாவுக்கு வேண்டுமானால் தனியாக ஒன்று எடுத்துக்கோங்க.

அளவு தெரிய ஒரு பொருளை வைங்க. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். ஸ்கேல் இருந்தால் இன்னும் நல்லது. ஃபிரேமின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு வைத்தால், படத்தில் நிறம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

பறிக்காமலே அடிப்பக்கம் பார்க்கணுமா? சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொப்பிக்கு அடியில் சாய்த்துப் பிடிங்க. மடிப்புகள் அப்படியே தெரியும். அரிதாக ஒன்றே ஒன்று முளைத்திருக்கிற இடத்தில் இது ரொம்ப உதவும்.

கடைசியாக ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த இடம், நேரம் போன்ற தகவலும் போய்விடும். நிபுணருக்கு அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க.

டம்ளருக்கு அடியில் ஒரு ராத்திரி

கேமராவால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. காளானின் வித்து. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆனால் லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்தால் நிறம் தெரியும். அந்த நிறம் காளான் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிற கைரேகை மாதிரி.

செய்முறை ரொம்ப ஈஸி. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு தாள் எடுத்துக்கோங்க. வெள்ளை சார்ட்டையும் கறுப்பு சார்ட்டையும் ஒட்டினால் போதும். விரிந்த காளானின் தண்டை வெட்டிவிட்டு, தொப்பியை மட்டும் மடிப்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி, இரண்டு நிறத்திலும் பாதிப் பாதி படும்படி வைங்க. தொப்பி மேலே ஒரு சொட்டுத் தண்ணீர். காற்றடிக்காமல் இருக்க, ஒரு பழைய டம்ளரையோ கிண்ணத்தையோ கவிழ்த்து மூடுங்க. சமையலுக்குத் திரும்ப எடுக்காத பாத்திரமாக இருக்கட்டும். ராத்திரி வைத்தால் காலையில் தாளில் சூரியக் கதிர் மாதிரி ஒரு கோலம் விழுந்திருக்கும்.

புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கும். அமானிட்டாவுக்கு வெள்ளை, அதனால்தான் கறுப்புத் தாள். கடையில் வாங்குகிற மொட்டுக் காளான் விரிந்தால் அடர் பழுப்பு. பச்சை வித்துக் குடைக்கு, பெயரே சொல்கிறதே, மங்கிய பச்சை. இந்த வண்ணத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு க்ளிக் எடுங்க, அது உங்கள் ஏழாவது போட்டோ.

ஒரு எச்சரிக்கை: வித்தின் நிறம் குடும்பத்தைச் சொல்லுமே தவிர, 'பாதுகாப்பானது' என்று சான்றிதழ் தராது. நாம் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற பால் காளானுக்கும் வெள்ளை வித்துதான், ஆளைக் கொல்கிற அமானிட்டாவுக்கும் வெள்ளை வித்துதான்.

போன் இருக்கும்போது எதுக்கு பென்சில்?

பீட்டர் ராபிட் என்ற முயல் கதை தெரியுமா? அதை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், 1902-ல் அந்தப் புத்தகத்தால் புகழ்பெறுவதற்கு முன்பு காளான் பைத்தியமாக இருந்தவர். ஸ்காட்லாந்தில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர் இருந்தார். கடிதம் கொடுக்க நடந்தே ஊர் சுற்றியவர், வழியில் பார்த்த செடி, பாசி, காளான் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் பாட்டருக்குக் காளான்களைத் தபாலில் அனுப்புவார், பாட்டர் வரைவார். படத்தை அறிவியலுக்கு ஏற்றபடி துல்லியமாக்க வழி சொன்னவரும் அந்தத் தபால்காரர்தான்.

காளான் வித்து முளைப்பது பற்றி பாட்டர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் 1-ம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அவர் அங்கே இல்லை. பெண்களை அந்தக் கூட்டத்தில் அனுமதிக்க மாட்டார்கள், வேறொருவர்தான் கொண்டுபோனார். ஆனால் அவர் வரைந்த படங்கள் தோற்கவில்லை. 1967-ல், அவர் இறந்து 24 வருடம் கழித்து, பிரிட்டன் காளான்களுக்கான ஒரு கையேட்டில் அவருடைய 59 படங்கள் அச்சாயின. கேமரா யுகத்திலும் அந்தப் படங்களைப் பார்த்துக் காளானை அடையாளம் காண முடிந்தது.

எப்படி? போட்டோ, ஒரு காளானை ஒரு நொடியில் ஒரு கோணத்தில் காட்டும். வரைபடம், மொட்டிலிருந்து முற்றியது வரை, மேல், அடி, உள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டும். அதைவிடப் பெரிய லாபம் உங்களுக்குத்தான். வரைய உட்கார்ந்தால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். "இந்த மடிப்பு தண்டைத் தொடுதா இல்லையா?" என்ற கேள்வி க்ளிக் பண்ணும்போது வராது, பென்சில் அந்த இடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் வரும்.

"எனக்கு வரையவே வராதே"னு சொல்லாதீங்க. இது கலைப்போட்டி இல்லை. ஸ்கூலில் செம்பருத்திப் பூ வரைந்து பாகம் குறித்தீங்களே, அதே வேலைதான். காளான் பெரிதாக இல்லாவிட்டால் அதன் நிஜ அளவிலேயே வரைங்க. முழுக் காளான் ஒன்று, நீளவாக்கில் வெட்டியது ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, மொட்டு ஒன்று. ஷேடிங் வேண்டாம். அம்புக்குறி போட்டு அளவு எழுதுங்க: தொப்பி 7 செ.மீ., தண்டு 9 செ.மீ., மண்ணுக்குள் 12 செ.மீ. என்ற மாதிரி.

நிறத்தை நம் சமையலறையிலிருந்து எடுத்து எழுதுங்க. மோர் வெள்ளை, கேழ்வரகு மாவு, வெல்லப் பாகு, வறுத்த கடலைத் தோல். 'பிரவுன்' என்று எழுதினால் அதில் நூறு பிரவுன் இருக்கிறது. 'வறுத்த கடலைத் தோல்' என்றால் யாருக்கும் ஒரே நிறம்தான். வாசனையையும் எழுதுங்க. மாவு வாசனையா, ஈரமண்ணா, அழுகின முட்டையா? எந்தக் கேமராவாலும் இதைப் பிடிக்க முடியாது.

தள்ளிப்போடாதீங்க. சாணத்திலும் வைக்கோலிலும் வருகிற மைக் காளான்கள் காலையில் அழகான மணி மாதிரி இருக்கும், பிற்பகலுக்குள் கறுப்பு மையாகக் கரைந்து சொட்டும். வீட்டுக்கு எடுத்து வருவதானால் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகிவிடும். நியூஸ்பேப்பரோ இலையோ போதும்.

போட்டோ எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

2023 ஜூனில் கர்நாடகாவில் குதிரேமுக் மலையடிவாரத்தில், ஒரு சாலையோரக் குட்டையில் தவளை பார்க்கப் போன இளைஞர்கள் கண்ணில் விநோதமான ஒன்று பட்டது. உயிரோடு இருக்கிற ஒரு தவளையின் விலாவில் குட்டியாக ஒரு காளான் முளைத்திருந்தது! படம் எடுத்தார்கள், தவளையைப் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள். படத்தைப் பார்த்த காளான் நிபுணர்கள் அது மைசீனா என்ற பேரினம் என்றார்கள். 2024-ல் ஆய்விதழில் குறிப்பு வெளியானது, உலகம் முழுக்க வைரலும் ஆனது.

ஆனால் மைசீனாவில் எந்த இனம்? தெரியாது. காளான் தவளையின் தோலில் எவ்வளவு ஆழம் போயிருந்தது? அதுவும் தெரியாது. மாதிரி கையில் இல்லாததால் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. இது தோல்விக் கதை இல்லை. நல்ல படம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்று இரண்டையும் காட்டுகிற கதை.

அதனால், முடிந்தால் ஒரு காளானை நீளவாக்கில் வெட்டி, நன்றாகக் காயவைத்து, காகித உறையில் போட்டு, போட்டோவுக்கும் வரைபடத்துக்கும் கொடுத்த அதே எண்ணை அதன்மேல் எழுதி வைங்க. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுத்தால் மைக்ரோஸ்கோப்பில் வித்தைப் பார்க்க முடியும். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஆறு படத்தையும் ஒரே பதிவாக ஏற்றுங்க. ஆப் சொல்கிற பெயரோடு நிறுத்தாமல், ஆட்கள் வந்து சொல்வதற்குக் காத்திருங்க. பேரினத்தோடு நின்றாலும் அது நல்ல பதில்தான்.

உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 2023 அறிக்கை தரும் மதிப்பீடு. அதில் பெயர் வைத்தது சுமார் 1,55,000 மட்டும்தான். நீங்கள் நாளைக்கு வரப்பில் பார்க்கப்போகிற காளானுக்கு இன்னும் பெயரே இல்லாமலும் இருக்கலாம்.

மலையிடம் கேளுங்க, மலையைக் காட்டிக்கொடுக்காதீங்க

தமிழ்நாட்டுப் புற்றுக்காளான்களில் ஒன்றின் பெயர் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி. வெள்ளைத் தொப்பி, நடுவில் சாம்பல் முனை, தண்டில் தடித்த வளையம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன், 'மைகாலஜியா' ஆய்விதழில் அதைப் புதிய இனமாக அறிவித்தது 1979-ல். நம் ஊர்ச் சட்டிகளில் தலைமுறை தலைமுறையாக வெந்த ஒரு காளானுக்கு, அறிவியலில் பெயர் வந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. "வளையம் இருந்தா விஷம்" என்று ஒரு ரூல் சொல்வார்களே, இந்தக் காளான் அந்த ரூலை உடைத்துவிடும். ஒற்றை அடையாளத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

கல்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களிடம் உங்கள் போட்டோவைக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருங்க? எந்த மழைக்கு வரும்? எங்க வரும்?"னு கேளுங்க. சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கோங்க. அந்த ஊர்ப்பெயர் உங்கள் குறிப்பில் முதல் வரியாக இருக்கட்டும், லத்தீன் பெயர் இரண்டாவதாக வரட்டும். ஆனால் அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதற்காக, அதே மாதிரி தெரிகிற ஒன்றை நீங்கள் பறித்துச் சாப்பிட முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது அந்த இடமும், அந்த மழையும், அந்தப் புற்றும் சேர்ந்த ஓர் அறிவு. போட்டோ வழியாக அது உங்களுக்கு வந்துவிடாது.

அதே மாதிரி, நல்ல புற்றுக்காளான் வருகிற இடத்தை ரீல்ஸில் லொகேஷனோடு போடாதீங்க. புற்றுக்காளானை வணிகரீதியாக வளர்க்கிற வித்தை இதுவரை கைகூடவில்லை, கரையான்தான் அதன் விவசாயி. அடுத்த வாரம் கார் கட்டிக்கொண்டு கூட்டம் வந்து புற்றைக் கொத்தினால், மறு வருடம் அங்கே ஒன்றும் முளைக்காமல் போகலாம். மழைக்கு மழை அதைப் பறித்து நாலு காசு பார்க்கிறவர்களின் வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிடும். பதிவேற்றுகிற தளங்களில் துல்லியமான இடத்தை மறைக்கிற வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்க. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் வேண்டாம். சாலையோரம், வரப்பு, உங்கள் ஊர்ப் பள்ளி மைதானம், வீட்டுத் தென்னை மரத்தடி, இதிலேயே ஒரு சீஸனுக்குப் போதுமான காளான் இருக்கிறது.

தெரிந்தவர்கள் யாராவது காட்டுக் காளான் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனால், அறிகுறி லேசாக இருக்கிறது, இப்போது சரியாகிவிட்டது என்றெல்லாம் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. மிச்சமிருக்கிற காளானையும், வெட்டிப்போட்ட அடித்தண்டையும் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கோங்க, சாப்பிட்ட நேரத்தையும் சொல்லுங்க. அங்கே எடுக்க வேண்டிய போட்டோவும் இதே ஆறுதான்.

மற்றபடி, இந்த மழைக்கு ஒரே ஒரு காளானைத் தேர்ந்தெடுங்க. ஆறு போட்டோ, ஒரு பென்சில் படம், டம்ளருக்கு அடியில் ஒரு ராத்திரி. இவ்வளவுதான் வேலை. பெயர் உடனே கிடைக்கலாம், ஒரு மாசம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். அதுவரைக்கும் குரூப்பில் யாராவது "சாப்பிடலாமா?"னு கேட்டால், தயங்காமல் டைப் பண்ணுங்க: "தெரியல. சாப்பிடாத."